ஒரு காது வெளியே

எங்கள் வீட்டுக்குக் கம்பியூட்டர் வந்தது, சண்டையை நிறுத்தி வைத்திருந்த சமாதான காலத்தில். என் கணவர் சீனன்குடாவில், பெரிய தாங்கிகளில் எண்ணெய் சேர்த்து வைக்கும் எண்ணெய்க் குதத்தில் வேலை செய்தார். அங்கே பழைய இயந்திரங்களைக் கழித்தபோது ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். "உம்மட கேள்வித்தாள் எல்லாம் இதில அடிக்கலாம்" என்றார். நான் நிலாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நாள் கேள்வித்தாள்தான் அடித்தேன்.

பிறகு என்னோடு படிப்பித்த ஆசிரியர் ஒருவர் ஒரு சிடி தந்தார். அதில் இசை செய்யும் புரோகிராம் ஒன்று இருந்தது. போட்டுப் பார்த்து ஒன்றும் விளங்காமல் என்னிடம் தள்ளிவிட்டிருந்தார். திரையில் கட்டம் கட்டமாக ஒரு தாள் விரிந்தது. ஒரு கட்டத்தில் புள்ளி வைத்தால் அந்த இடத்தில் ஓர் ஒலி பிறக்கும். இடமிருந்து வலமாகக் காலம், கீழிருந்து மேலாகச் சுருதி. வாழ்நாள் முழுக்க வரைபுத்தாளில் புள்ளி வைத்தவளுக்கு இது அந்நியமாகப் படவில்லை. அன்று பின்னேரம் உலை வைக்க மறந்துபோனேன்.

முறையாகச் சங்கீதம் படித்தவள் இல்லை நான். சின்ன வயதில் கொஞ்ச நாள் ஹார்மோனியம் வாசித்தேன், அவ்வளவுதான். ஆனால் படம் பார்க்கும்போது எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாட்டு வந்தால் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவேன். யாரும் கதைக்காத இடங்களில்தான் அசையாமல் இருப்பேன். ஒருத்தி கதவைத் திறக்கிறாள், உள்ளே ஆளில்லை, வயலின்கள் அடியிலிருந்து மெல்ல ஏறுகின்றன. அந்த ஏற்றம் எப்படி வருகிறது என்று எனக்கு அறிய வேண்டியிருந்தது. அதை ஒரு மேசையில், ஒரு பழைய பெட்டியில், தனியாக இருந்து செய்யலாம் என்பதை நான் கனவிலும் நினைத்ததில்லை.

கணவர் என் முதல் ஆக்கத்தைக் கேட்டார். கதிரையின் நுனியில் இருந்து, மரியாதையாக, தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் சற்றுப் பொறுத்து, "பாட்டு எப்ப துவங்கும்?" என்றார். இதுதான் முழுதும் என்றேன். "ஓ" என்றார். பிறகு வந்த எல்லா ஆக்கத்துக்கும் அவரிடம் அதே கேள்விதான் இருந்தது. கேட்கக் கூடாது என்று வாயை அடக்கிக்கொண்டார், முகம்தான் கேட்டது.

எங்கள் வாடகை வீடு ஓர்ஸ் ஹில்லில் ஒரு சரிவில் இருந்தது. முன்னால் இரண்டு வீடுகளுக்கு நடுவே உள் துறைமுகம் ஒரு கீற்றாகத் தெரியும். நான் பள்ளிக்கூட பஸ்ஸில் வந்து இறங்க இரண்டரை ஆகும். அவர் வேலை முடிந்து வரப் பொழுது சாய்ந்துவிடும். நடுவில் உள்ள அந்த நேரம் முழுவதும் எனக்கு. ஃபேன் சத்தம் மைக்கில் விழுந்துவிடும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய இருந்து செய்வேன். ஒரு தகரத் தட்டை வயலின் வில்லால் தேய்த்தால் என்ன வரும், அதை எட்டு மடங்கு மெதுவாக்கினால் என்ன வரும் என்று பார்ப்பேன். வில் என்று சொன்னது பள்ளிக்கூட அலுமாரியில் மயிர் உதிர்ந்து கிடந்த ஒன்று. தட்டு குசினியிலிருந்து எடுத்தது. மெதுவாக்கியபோது அது ஒரு பெரிய கப்பல் திரும்புவது போலக் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சமாதானம் பெயரளவில் இருந்தபோதே ஊருக்குள் குண்டுகள் வெடிக்கத் தொடங்கின. கடைகள் மத்தியானத்தில் படபடவென்று பூட்டும். பஸ்கள் பாதியில் நின்றுவிடும். நிலாவெளி வீதியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்து மறுபடி ஏற வேண்டும். துறைமுகத்தில் கடற்படைக்காரர், யாரும் தண்ணீருக்கு அடியால் நீந்தி வந்துவிடக் கூடாது என்று, படகிலிருந்து சிறு வெடிகளைக் கடலுக்குள் போட்டுக்கொண்டிருப்பார்கள். நினைத்த நேரத்தில் வரும் அந்தத் தொம் என்ற சத்தம். காதுக்கு வருவதற்கு முன்பே நிலத்தால் காலுக்கு வந்துவிடும். மைக் திறந்திருந்தால் அதற்குள்ளும் வந்து விழும்.

முதலில் அந்த இடங்களை வெட்டி எறிந்தேன். எறிந்து எறிந்து அலுத்துப்போய் ஒருநாள் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தேன். சுருதியை இன்னும் இறக்கி, பின்னால் ஒரு நீண்ட எதிரொலி கொடுத்ததும், எந்தச் சிடியிலும் கிடைக்காத முரசு ஒன்று என் கையில் இருந்தது. அதற்குப் பிறகு நான் செய்த எல்லாவற்றிலும் அது இருந்தது.

அந்த மாதங்களில் என்னால் ஓரிடத்தில் இருக்க ஏலாமல் போயிற்று. ஹெட்போனைப் போட்டால் வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாது. சீனன்குடாவில் விமானத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எதுவும் நடந்தால் அங்கேதான் நடக்கும் என்று ஊர் முழுக்க நம்பியது. நான் நாலு சுரம் வைப்பேன், ஹெட்போனைக் கழற்றுவேன், வாசல் படலை வரை போய் வீதியைப் பார்ப்பேன், திரும்பி வந்து அந்த நாலு சுரத்தையும் அழிப்பேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஹெட்போனை வலது காதுக்கு மட்டும் வைத்துக்கொள்வது. இடது காது வெளியே. அந்தக் காது வீதிக்கு, தொலைபேசிக்கு, படலைக் கொளுக்கிக்கு, வானத்துக்கு. வலது காதால் இசை செய்தேன்.

நகரத்தில் இணையம் பார்க்க ஒரு நெற் கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இறங்கி, என் ஆக்கங்களை ஓர் இணையத்தளத்தில் ஏற்றுவேன். என்னைப் போல வீட்டில் இருந்து படப் பின்னணி இசை செய்கிறவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். பல் வைத்தியர், லொறி ஓட்டுகிறவர், ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. யாருக்கும் யார் முகமும் தெரியாது. ஒருவர் செய்ததை மற்றவர் கேட்டுக் குறை சொல்வதுதான் அங்கே வழக்கம். குளிர் தேசத்தில் எங்கோ இருந்த ஒருவர் மட்டும் என்னுடையதை விடாமல் கேட்டார். ஒருநாள் அவர் எழுதியிருந்தார்: உங்கள் மிக்ஸ் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, வலது பக்கம் நுட்பமாக இருக்கிறது, இடது பக்கத்தில் எல்லாம் கண்டபடி கிடக்கிறது. மன்னிக்க வேண்டும், உங்களுக்கு ஒரு காது கேட்காதா? கூடவே இன்னொரு கேள்வி. அந்த முரசு எந்த ஒலித் தொகுப்பில் வாங்கியது?

எனக்கு முகம் சுட்டது. வீட்டுக்கு வந்ததும் பழையவற்றை இரண்டு காதிலும் போட்டுக் கேட்டேன். மனிதர் சொன்னது சரிதான். இடது பக்கத்தில் வயலின்கள் முரசோடு முட்டின, ஒரு மணி ஒலி காதைக் கீறிக்கொண்டு நின்றது. பல மாத வேலை முழுவதும் அப்படிச் சாய்ந்து கிடந்தது. காது கேட்கும் என்று மட்டும் அவருக்குப் பதில் எழுதினேன். முரசு எங்கள் ஊர்க் கடலில் எடுத்தது என்றும் எழுதினேன். அதைப் படித்துவிட்டு, நீங்கள் அதிர்ஷ்டசாலி, எனக்குப் பக்கத்தில் கடல் இல்லை என்று எழுதினார்.

கொஞ்ச நாளில் அந்தத் தளத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். ஒலியே இல்லாத ஒரு சிறு படத்தைக் கொடுத்து, எல்லோரும் அதற்கு இசை செய்ய வேண்டும் என்றார்கள். பனி கொட்டும் ஒரு ரயில் நிலையம். ஒரு மனிதர் பெட்டியோடு நிற்கிறார். ஒரு நீள வாங்கிலில் உட்காருகிறார், எழும்புகிறார், தண்டவாளத்தை எட்டிப் பார்க்கிறார். கடைசியில் ரயில் வருகிறது. அது அவரை மறைக்கிறது. படம் முடிகிறது.

நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அந்த மனிதர் எட்டிப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். இந்த ஒன்றையாவது இரண்டு காதாலும் செய்ய வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு லீவு நாளில் கணவரிடம் இதைச் சொன்னேன். ஒரு காதால் செய்துவந்தது அவருக்கு அதுவரை தெரியாது. தலைமயிர் கலையாமல் இருக்கத்தான் அப்படிப் போடுகிறேன் என்று நினைத்திருந்தாராம். எழும்பினார். பிறகு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் கதவுக்குப் பக்கத்தில் போட்டார்.

"நீர் ரெண்டு காதையும் மூடிக்கொண்டு செய்யும். வெளியில நான் கேக்கிறன்."

அப்படியே இருந்தார். பேப்பரைக்கூட விரிக்கவில்லை, தாள் சரசரத்தால் எதுவும் கேட்காது என்று. நான் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தேன். ஹெட்போனை நீக்கி, "ஏதும் கேட்டதோ?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றார். சற்றுக் கழித்து மறுபடியும் கேட்டேன். "மான் ஒண்டு வேலியைக் கடிக்குது. வேறொண்டுமில்லை, செய்யும்." எங்கள் ஊரில் புள்ளிமான்கள் நாய்களைப் போல வீதியில் திரியும். நான் சிரித்துவிட்டுத் திரும்பினேன். அந்த மத்தியானம் படத்தின் முன்பாதிக்கு வயலின்களை வைத்தேன். இடமும் வலமும் சமமாக இருந்தன. ஆனாலும் என் உள்ளங்கால்கள் நிலத்தில் அழுந்தியபடியே இருந்தன, நிலத்தால் எதுவும் வருகிறதா என்று.

அடுத்த லீவு அவருக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்த ஒரு நாள், முற்பகலில், கடலுக்கு அக்கரையிலிருந்து இயக்கக்காரர் செல் எனும் எறிகணைகளை அடிக்கத் தொடங்கினார்கள். துறைமுகத்துக்கு அடித்தார்கள். நான் மிச்சப் பாதியில் வேலை செய்துகொண்டிருந்தேன், பழையபடி ஒரு காதை வெளியே விட்டு. முதலாவது விழுந்ததும் கடலுக்குள் போடும் வெடிதான் என்று நினைத்தேன். அடுத்தது கூரை ஓடுகளை அதிர வைத்தது. சுவரில் பூசியிருந்த வெள்ளை, கீபோர்ட்டின் மேல் பொடியாக விழுந்தது.

குதத்துக்கு அழைத்தேன். மணி அடிக்கவேயில்லை. மறுபடி அழைத்தேன். படலைக்கு ஓடினேன். சீனன்குடாப் பக்கமாக வானத்தில் புகை எதுவும் தெரியவில்லை, ஆனால் மலை மறைத்திருந்தது. வீதியில் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். வீதியைப் பூட்டிவிட்டார்கள், யாரையும் விடுகிறார்கள் இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார்.

பக்கத்து வீட்டுக்காரி தன் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள். கிண்ணியாவில் பிறந்தவள், கணவன் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனும் வெளியேதான் இருந்தான். அவர்கள் வீட்டுக்குத் தகரக் கூரை, எங்களுடையதற்கு ஓடு. எது விழுந்தாலும் இரண்டும் ஒன்றுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கம்பியூட்டர் மேசைக்குக் கீழே பிள்ளைகளை விட்டோம். நானும் அவளும் சுவரோடு இருந்தோம். சின்னது காதைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் வீறிட்டது.

அவள் என் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். கரண்ட் இன்னும் நிற்கவில்லை, திரை எரிந்துகொண்டிருந்தது.

"டீச்சர், அந்தப் பெட்டியில என்னமாச்சும் போடுங்க. புள்ளைகளுக்கு வேற சத்தம் கேக்கட்டும்."

திறந்திருந்தது அந்தப் பனிப்படம்தான். ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன், முழுச் சத்தத்தில். வயலின்கள் எழும்பின. பிள்ளைகள் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டித் திரையைப் பார்த்தார்கள். பனியைப் பார்த்துப் பெரியவள், "உம்மா, உப்பு கொட்டுது" என்றாள். நான் மூச்சு விட்டேன். அப்போது, அந்த மனிதர் முதல்தரம் எழும்பும் இடத்தில், என் முரசு வந்தது.

சின்னது அலறிக்கொண்டு உள்ளே போய்விட்டது. தாய் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "இது வெளியாலயா டீச்சர், உள்ளாலயா?" என்று கேட்டாள். அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை. எனக்கே ஒரு கணம் முடியவில்லை.

முழங்காலில் தவழ்ந்து போய் மவுஸைப் பிடித்தேன். அம்புக்குறி எங்கெங்கோ ஓடியது. முரசு ட்ராக்கைக் கண்டுபிடித்து அதை ஊமையாக்கினேன். பிறகு முதலிலிருந்து போட்டேன். முரசு இல்லாமல் அந்த இசை வெறும் மூச்சுப் போல இருந்தது. முட்டுக்கட்டை எடுத்த மாதிரி வயலின்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எங்கும் இறங்காமல் நின்றன. பனிப்படம் முடிய மறுபடி போட்டேன். முடிய முடியப் போட்டேன். வெளியே விழுந்துகொண்டுதான் இருந்தது. கரண்ட் போகும் வரை அந்த மனிதர் எங்கள் வீட்டில் எழும்பி எழும்பி இருந்தார். பெரியவளுக்கு எந்த இடத்தில் அவர் எழும்புவார் என்று பாடமாகிவிட்டது. "இப்ப பாருங்க, எழும்புவாரு" என்று தம்பிக்குச் சொன்னாள்.

பின்னேரம் சத்தம் ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் கணவன் ஆட்டோவை எங்கோ விட்டுவிட்டு நடந்து வந்து சேர்ந்தான். என் கணவர் வரவில்லை. மறுநாள் காலை வரை நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டை எத்தனை தரம் கூட்டினேன் என்பது மட்டும் கைகளுக்குத் தெரியும். தும்புத்தடியின் பிடி உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தது.

மறுநாள் மத்தியானத்துக்கு முன் தண்ணீர் பவுசர் லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். மேலெல்லாம் மண். ஒரு காலில் செருப்பு இல்லை. குதத்துக்குப் பக்கத்தில் எதுவும் விழவில்லையாம், ஆனால் எல்லோரையும் பங்கருக்குள் இறக்கி, வெளியே விடாமல் வைத்திருந்தார்களாம். தொலைபேசியைத் தொட விடவில்லையாம். நான் கோபப்பட்டேன். எதற்கென்று தெரியாமல் அந்தச் செருப்பைக் கேட்டுக் கோபப்பட்டேன். அவர் கிணற்றடிக்குப் போனார். நான் பின்னாலேயே போய் வாளியை இறக்கித் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். அவர் தோள் என் கைக்குக் கீழே நடுங்கியபடி இருந்தது, வெயில் அப்படிக் கொளுத்தியும்.

சாப்பிட்டு எழும்பியதும், கரண்ட் வந்திருந்தது, அவராகவே கேட்டார். "அந்த ஸ்டேசன்காரனை முடிச்சிட்டீரோ?"

போட்டுக் காட்டினேன். முரசு இல்லாமல். இந்தமுறை கதிரையின் நுனியில் அவர் இருக்கவில்லை, நன்றாகச் சாய்ந்திருந்து பார்த்தார். படம் முடிந்ததும் திரும்பிப் பார்த்தார்.

"ஆள் ஏறினவரோ இல்லையோ?"

"தெரியாது. காட்ட இல்லை."

"ஏறாட்டி பிறகென்னத்துக்கு அவ்வளவு நேரம் நிண்டவர்?" அவர் குரலில் உண்மையான எரிச்சல் இருந்தது. எழும்பி நடந்தார், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "திருப்பிப் போடும், ரயில் போன பிறகு அந்த வாங்கிலில பெட்டி இருக்கோ எண்டு பாப்பம்." திருப்பிப் போட்டேன். ரயில் போகும் முன்பே படம் முடிந்துவிடுகிறது என்று அவருக்கு மூன்றுதரம் காட்ட வேண்டியிருந்தது. பாட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

அக்கரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. எங்கள் பள்ளிக்கூடத்திலும் கொஞ்சப்பேர் தங்கியிருந்தார்கள். வகுப்பறைகளில் பாயும் சட்டியும் இருந்ததால் மாமரத்தடியில் வைத்துப் பின்னங்கள் படிப்பித்தேன். படிப்பித்துக்கொண்டு நிற்கும்போதும் கைப்பையில் இருந்த சிடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். மிச்சப் பாதியையும் இரண்டு காதாலும் கேட்டுத் திருத்தி அதில் போட்டிருந்தேன். போட்டிக்கு நாள் முடிந்திருக்கும் என்று தெரியும். ஆனாலும் அதை ஏற்றிவிடாமல் எனக்கு அமைதி இல்லை. நெற் கடை சில நாள் திறக்காது, திறந்த நாளில் லைன் இருக்காது.

ஒருநாள் இரண்டும் அமைந்தது. நான் அதை ஏற்றத் தொடங்கிப் பாதி போயிருக்கும், வீதியில் கடைக் கதவுகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஊரடங்கு போடப்போகிறார்களாம். கடைக்காரத் தம்பி சாவிக்கொத்தோடு வந்து நின்றான்.

"அக்கா, பூட்டப் போறன். எழும்புங்கோ."

"கொஞ்சம் பொறும் தம்பி. முடியப் போகுது."

அவன் வெளியே போய், இரும்புக் கதவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, குனிந்து உள்ளே பார்த்தான். திரையில் அந்தக் கோடு நகரவில்லை. பிறகு மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. நான் கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன், ஏதோ நான் நின்றால் அது வேகமாகப் போகும் என்பது போல. வீதியில் கடைசி பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. தம்பியும் குனிந்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோடு முடிந்ததும் அவன்தான் முதலில் "போயிட்டுது, அக்கா" என்றான்.

போட்டியில் அது சேரவில்லை. யாரோ ஒருவர் வென்று முடித்துவிட்டிருந்தார். குளிர் தேசத்துக்காரர் மட்டும் எழுதியிருந்தார்: இப்போது இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது. பனியில் நடப்பவர்களுக்குச் சத்தம் இப்படித்தான் கேட்கும், எப்படித் தெரிந்தது? அந்த நல்ல முரசை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அதை நான் படித்தது பிறகு பல வாரங்கள் கழித்து. அன்று கதவுக்கு அடியால் குனிந்து வெளியே வந்து, புடவைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நகர ஆரம்பித்துவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன். மிதிபலகையில் நின்ற ஒரு பெண் கையை நீட்டி என்னை உள்ளே இழுத்துவிட்டாள்.